வெசலா, சி.எச்.ஆரா? மலைநாட்டில் குடும்ப வாகனம் வாங்கப் போகிறவர்களுக்கு

பிள்ளைகள், வயதானவர்கள் என்று நாலைந்து பேர் உள்ள குடும்பம். கையில் பாதிக் காசு, மீதி லீசிங். ஓடப்போவது மலை ரோடு. இந்தக் கணக்கோடு நம் பக்கத்தில் யார் வாகனம் தேடினாலும் கடைசியில் இரண்டு பெயரில்தான் வந்து நிற்பார்கள்: ஹொண்டா வெசல், டொயோட்டா சி.எச்.ஆர். யாரைக் கேட்டாலும் தன்னிடம் இருப்பதைத்தான் நல்லது என்பார். கொழும்பில் ஓடுகிறவர் சொல்லும் கணக்கு ஹற்றனுக்கும் பதுளைக்கும் சரிவராது. இரண்டில் எதை எடுப்பது என்று நான் அலைந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது பழைய வாகனம் வாங்குவதைப் பற்றியது. 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கியது உண்மைதான். ஆனால் ஜப்பானில் சி.எச்.ஆர். தயாரிப்பு 2023இல் முடிந்துவிட்டது. 2021இல் வந்த புதிய வடிவ வெசல் விலையிலும் வேறு, பொறியிலும் வேறு. ஆகவே நம் கைக்கு எட்டுவது ஏற்கெனவே இங்கே பதிவாகி ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள்தான்.

1. வீட்டுக்கு வரும் கடைசி ஒரு கிலோமீற்றரைப் பாருங்கள்

பெரிய ரோட்டை விடுங்கள். கம்பளை, இறம்பொடை வழியாக நுவரெலியா போகும் ரோட்டில் இரண்டுமே பிரச்சினையில்லாமல் ஏறும். அதை விட்டு இறங்கி உங்கள் வீட்டு வாசல் வரை வரும் பாதை எப்படி இருக்கிறது என்பதுதான் முடிவைச் சொல்லும்.

முன்சில்லு இழுக்கும் வெசலின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி 185 மில்லிமீற்றர். நான்கு சில்லும் இழுக்கும் வெசலுக்கு 170. நான்கு சில்லும் இழுக்கும் சி.எச்.ஆர். டர்போவுக்கு (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் வகை) 155, சி.எச்.ஆர். ஹைபிரிட்டுக்கு (எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது) வெறும் 140. சாதாரணக் காருக்கும் ஏறத்தாழ இவ்வளவுதான் இருக்கும். வெளியே பார்க்க ஜீப் மாதிரி நின்றாலும் அடியில் அது கார்தான்.

தோட்டத்து ரோட்டில் நடுவே கல் துருத்திக்கொண்டு இருக்கும், மழைக்குப் பிறகு சில்லு ஓடும் தடம் மட்டும் பள்ளமாகிவிடும். அங்கே ஐந்து பேரோடு 140 மில்லிமீற்றர் வண்டியைக் கொண்டுபோனால் ஒவ்வொரு வளைவிலும் அடியில் சத்தம் கேட்கும். வீட்டுக்குப் போகும் வழியில் மிக மோசமான இடத்தில் ஒரு அளவுகோலை நட்டு, தடத்துக்கும் நடுமேட்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை எடுங்கள். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் சி.எச்.ஆர். ஹைபிரிட்டை மறந்துவிடலாம், ஆள் ஏறினால் வண்டி இன்னும் தாழும். கண்டி, பண்டாரவளை டவுனுக்குள் கொங்கிரீட் போட்ட ரோட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

2. பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

'வெசல் நல்லதா' என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த வெசல்?

இங்கே அதிகம் ஓடுவது 1,496 சிசி ஹைபிரிட் வெசல். இதன் கியர்பெட்டியில் இரண்டு கிளச் உண்டு, இரண்டும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளச். ஓட்டம் கிடைத்தால் அருமையாகப் போகும். மேட்டில், வரிசையில், அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளச் அரைபட்டுச் சூடாகும். கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்தால் கியர்பெட்டி சூடாகிவிட்டது என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை வரக்கூடும். மேட்டில் நிற்கும்போது பிரேக்கை விட்டு, ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர் கையில் இந்தக் கிளச் சீக்கிரம் போய்விடும். காலை எடுத்தாலும் பிரேக்கைப் பிடித்து வைத்திருக்கும் பிரேக் ஹோல்ட் பொத்தான் இருக்கிறது, அதைப் பாவித்தால் பாதிப் பிரச்சினை தீரும். 2014இல் இந்தக் கியர்பெட்டியின் மென்பொருளுக்காக ஹொண்டா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஆகவே முதல் தொகுதி வெசல் பார்க்கிறீர்கள் என்றால், சேஸி இலக்கத்தை வைத்து அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சி.எச்.ஆரில் 1,196 சிசி டர்போவும் 1,797 சிசி ஹைபிரிட்டும் உண்டு. டர்போவுக்கு சி.வி.டி. கியர், அதாவது படிப்படியாக இல்லாமல் ஒரே சீராக மாறும் தானியங்கிக் கியர். மேட்டில் ஊர்ந்தாலும் வெசல் கிளச் படும் பாடு இதற்கு இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும். ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே மூச்சு வாங்கும், டர்போவுக்கு அந்த இழப்பு குறைவு. வெசல் ஹைபிரிட்டுக்கு மோட்டார் கைகொடுப்பதால் பெரிதாகத் தெரியாது. ஹைபிரிட் இல்லாத 1.5 பெற்றோல் வெசலை முழு ஆளோடு ஏற்றினால் தெரியும்.

பொறியில் இவை எல்லாவற்றிலும் நம்பகமானது சி.எச்.ஆர். ஹைபிரிட் என்பது என் அபிப்பிராயம். அதற்குக் கிளச் தொல்லை கிடையாது. ஆனால் மேலே சொன்ன 140 மில்லிமீற்றர் இருக்கிறதே!

3. வீட்டு ஆட்களை ஏற்றிப் பாருங்கள்

வாங்குகிறவர் முன்னால் உட்கார்ந்து பார்த்து முடிவெடுப்பார், ஐந்து வருடம் பின்னால் உட்காரப் போவது அம்மாவும் பிள்ளைகளும். சி.எச்.ஆரின் பின்கதவுக் கண்ணாடி சின்னது, மேலே ஏறிப் போகும் வடிவம். சின்னப் பிள்ளை உட்கார்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. வெளியே பார்க்க முடியாத பிள்ளைக்கு வளைவு ரோட்டில் வாந்தி வரும். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும் வளைவுகளில் ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து வந்து பாருங்கள், நான் சொல்வது விளங்கும். கதவுக் கைப்பிடியும் உயரத்தில் இருக்கிறது, பிள்ளைக்கு எட்டாது.

வெசலில் பின்பக்கம் வெளிச்சமும் காலுக்கு இடமும் தாராளம். பெற்றோல் தாங்கியை முன் இருக்கைகளுக்கு அடியில் வைத்திருப்பதால் பின் இருக்கையைத் தட்டையாகச் சாய்க்கலாம், அடிப்பகுதியை மேலே தூக்கியும் விடலாம். மரக்கறி மூட்டையோ பூந்தொட்டியோ நிறுத்தி வைத்துக் கொண்டு வரலாம். சி.எச்.ஆரின் டிக்கி 318 லீற்றர். ஊருக்குப் போகும்போது நான்கு பேரின் பைகள் போட்டால் நிறைந்துவிடும்.

பாதுகாப்பில் சி.எச்.ஆர். ஒரு படி மேல். முன்வாகனத்தில் மோதாமல் தானாக பிரேக் பிடிக்கும் தொகுதி முதலிலிருந்தே எல்லா ஜப்பான் சி.எச்.ஆரிலும் வந்தது. வெசலில் அதுபோன்ற முழுத் தொகுதி 2018 முகமாற்றத்துக்குப் பிறகுதான் எல்லாத் தரத்திலும் வந்தது. அதற்கு முந்திய வெசல் என்றால் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

4. விலையோடு நிற்காத செலவுகள்

இந்தக் கணக்கைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள், வாயால் போட்டால் ஏமாறுவீர்கள்.

பெற்றோல்: மாதம் 1,200 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள், லீற்றர் 300 ரூபா என்று வைப்போம். மலையில் வெசல் ஹைபிரிட் லீற்றருக்கு 14, சி.எச்.ஆர். டர்போ 10 கொடுத்தால் ஒன்றுக்கு 86 லீற்றர், மற்றதற்கு 120. மாதம் பத்தாயிரம் ரூபா சொச்சம் வித்தியாசம். விளம்பரத்தில் 20, 25 என்று போட்டிருப்பதை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். நீங்கள் ஓடும் ரோட்டில் ஓடுகிறவரிடம் கேட்டு உங்கள் இலக்கத்தைப் போடுங்கள்.

டயர்: சி.எச்.ஆரின் மேல்தரத்தில் 18 அங்குல 225/50 டயர். மெல்லிய விளிம்பு, பள்ளத்தில் விழுந்தால் டயரோடு ரிம்மும் போகும். 16 அங்குல 215/60 போட்ட வெசலுக்கு அந்தப் பயம் குறைவு, விலையும் குறைவு. கல் ரோட்டுக்காரர்கள் அழகைப் பார்க்காமல் சின்ன ரிம்மை எடுங்கள்.

பற்றரி: ஹைபிரிட் எடுத்தால் என்றைக்காவது பற்றரிச் செலவு வரும் என்று ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். எவ்வளவு என்பதை வாங்குவதற்கு முன்பே இரண்டு ஹைபிரிட் கராஜில் கேட்டுக்கொள்ளுங்கள். வெசலென்றால் கிளச்சுக்கும் அதே போலக் கேளுங்கள்.

லீசிங்: வாகன விலையில் எவ்வளவு பங்கு கடனாகத் தரலாம் என்பதற்கு மத்திய வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025இல் அதை மாற்றினார்கள். வாகனம் பார்க்கப் போகும் முன்பே லீசிங் இடத்தில் போய் இன்றைய வரம்பு என்ன, அந்தத் தயாரிப்பு வருடத்துக்கு எத்தனை வருடத் தவணை தருவார்கள், இடையில் முழுதாகக் கட்டி முடித்தால் என்ன கழிவு என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய வண்டிக்குத் தவணைக் காலம் சுருங்கும். 2014 வெசலுக்கு நீங்கள் நினைத்த மாதத் தவணை வராது. மதிப்பீட்டு அறிக்கைச் செலவும் உங்கள் தலையில்தான். மதிப்பீட்டாளர் போடும் பெறுமதி, விற்பவர் கேட்கும் விலையை விடக் குறைவாக இருந்தால் அந்த இடைவெளியையும் நீங்கள்தான் கைக்காசாகக் கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரிய வந்தால் தலையைச் சுற்றும்.

5. வாகனம் பார்க்கப் போகும்போது

புரோக்கர் போனில் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, டொக்டரம்மா ஓடின வண்டி, ஒரு கீறல் இல்ல." இலங்கையில் இத்தனை டொக்டரம்மாக்கள் இருந்தால் ஆஸ்பத்திரியில் வரிசையே இருக்காது.

போவதற்கு முந்திய நாள், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனவுடன் பொனட்டில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ எஞ்சினைச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள், குளிரில் வரும் சத்தத்தை மறைக்கத்தான். இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மீட்டர் குறைப்பது இங்கே சர்வசாதாரணம். ஜப்பான் ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் ஏலத்துக்கு வந்தபோது ஓடியிருந்த கிலோமீற்றரும் தரமும் இருக்கும். தரத்தில் 'ஆர்' என்று போட்டிருந்தால் அங்கேயே விபத்தில் பட்டுத் திருத்திய வண்டி. தாளையும் போலியாக அச்சடிப்பார்கள், ஆகவே சேஸி இலக்கத்தைக் கொடுத்து நீங்களே இணையத்தில் கட்டணம் கட்டி எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மகாவலி ஓரத்து ஊர்களில் வாகனங்கள் மூழ்கின. அவற்றில் சிலவற்றைக் கழுவித் துடைத்து விற்பனைக்கு விடாமலா இருப்பார்கள்? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். நுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். இருக்கைத் தண்டவாளத்தின் திருகாணிகளில் துரு, டிக்கித் தரைவிரிப்புக்கு அடியில் மண், ஏசியைப் போட்டதும் பூஞ்சை நாற்றம், இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள். வெசல் ஹைபிரிட்டின் பற்றரி டிக்கித் தரைக்கு அடியில் இருக்கிறது. சி.எச்.ஆர். ஹைபிரிட்டுக்குப் பின் இருக்கைக்கு அடியில். தண்ணீர் அங்கே போயிருந்தால் அந்த வண்டி எந்த விலைக்கும் வேண்டாம்.

6. மேட்டில் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

கொழும்பில் வாகனம் பார்க்கிறீர்கள் என்றால் சமதரையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் தலையாட்டாதீர்கள். கட்டட வாகனத் தரிப்பிடத்தின் சரிவுப் பாதையாவது கிடைக்கும். முடிந்தால் மலைநாட்டிலேயே விற்பனைக்கு இருப்பதைத் தேடுங்கள், மேட்டில் ஓட்டிப் பார்க்கவும் முடியும், அந்த வண்டி எப்படி உழைத்திருக்கிறது என்பதும் தெரியும்.

ஆட்களை ஏற்றி, ஏசியைப் போட்டு, நல்ல ஏற்றத்தின் நடுவில் நிறுத்துங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்து மெதுவாக நகருங்கள். வெசலாக இருந்தால் அந்த முதல் இரண்டு மீற்றரில்தான் உண்மை இருக்கிறது. நடுக்கம், தட்டு, பின்னால் வழுக்கி அப்புறம் திடுக்கென்று பாய்வது, எதுவும் இருக்கக் கூடாது. இதையே நான்கைந்து தரம் செய்யுங்கள். சூடேறிய பிறகுதான் கிளச் பேசும். சி.எச்.ஆர். டர்போவில் ஏற்றத்தில் இழுத்து மிதிக்கும்போது சி.வி.டி.யிலிருந்து சிணுங்கல் சத்தம் வருகிறதா, புகைக் குழாயில் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள்.

பிறகு இறக்கம். ஹைபிரிட் இறக்கத்தில் பற்றரியை நிரப்பிக்கொண்டு போகும். நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கம் இறங்கினால் பாதி வழியிலேயே பற்றரி நிறைந்துவிடும். அதற்குப் பிறகு பெரும்பாலான வேலை பிரேக் தகட்டுக்குத்தான். அப்போது பிரேக் எப்படிப் பிடிக்கிறது, ஸ்டியரிங் ஆடுகிறதா என்று கவனியுங்கள். சி.எச்.ஆர். ஹைபிரிட்டில் கியர் நெம்புகோலை 'B' என்ற இடத்துக்கு (நிறுத்தி வைக்கும் 'P' அல்ல) இழுத்தால் எஞ்சினும் சேர்ந்து வேகத்தைக் குறைக்கும், அது வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, விற்பவர் சொல்லும் கராஜுக்குப் போகாமல், உங்களுக்குத் தெரிந்த ஹைபிரிட் கராஜில் ஸ்கேன் செய்யுங்கள். பற்றரியின் ஒவ்வொரு தொகுதியின் வோல்ற்றளவும் தாளில் வேண்டும். "மெக்கானிக் பாஸ் பார்த்தார், நல்லம் என்றார்" போதாது. இந்தச் செலவுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

7. பத்திரங்கள்

விளம்பரத்தில் 2015 என்று இருக்கும், வாகனப் பதிவுச் சான்றிதழான சி.ஆர். புத்தகத்தைப் பார்த்தால் அது பதிவு வருடம், தயாரிப்பு 2014. லீசிங்கும் மறுவிற்பனையும் தயாரிப்பு வருடத்தைத்தான் பார்க்கும். முன்பிருந்த உரிமையாளர்கள் எத்தனை பேர் என்பதும் அதில் தெரியும்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைப் போட்டால் அடிப்படை விபரங்கள் வரும். எஞ்சின் இலக்கம், சேஸி இலக்கத்தை வண்டியோடு ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை, அல்லது முடிந்தும் பெயரை நீக்கவில்லை. "கட்டி முடிச்சாச்சு, கடிதம் அடுத்த வாரம் வரும்" என்பதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். கடிதம் கைக்கு வந்த பிறகு பேசலாம்.

அடுத்த பெரிய பொறி ஓப்பன் பேப்பர். சி.ஆரில் இருப்பவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர், நடுவில் கையொப்பம் மட்டும் வைத்துத் திகதி போடாத படிவம். பெயரில் இருப்பவர் வெளிநாடு போயிருந்தாலோ இறந்திருந்தாலோ நீங்கள் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள். சி.ஆரில் உள்ளவர் நேரில் வந்து, உங்கள் முன்னால், தேசிய அடையாள அட்டையோடு கையொப்பம் வைக்க வேண்டும். வர மறுத்தால் எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கிக்கொள்ள வேண்டியவை: மூலச் சி.ஆர்., வாங்குபவருக்கான எம்.டி.ஏ. 6, விற்பவருக்கான எம்.டி.ஏ. 8, இருவரின் அடையாள அட்டைப் பிரதிகள், நடப்பு வருமான அனுமதிப் பத்திரம், புகைச் சான்றிதழ், காப்புறுதி, இரண்டு சாவியும். உங்கள் வரி அடையாள இலக்கத்தையும் முன்பே எடுத்து வையுங்கள். 2025 ஏப்ரல் முதல் அது இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது.

8. காசு கொடுக்கும் நாள்

வார நாளில், காலையில், வங்கியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கைக்காசு வேண்டாம். வெள்ளைத்தாளில் உடன்படிக்கை எழுதி, சேஸி இலக்கம், தொகை, திகதியோடு வண்டி கைமாறிய நேரத்தையும் மணி நிமிடத்தோடு போடுங்கள். அன்று காலை அவர் வேகமாக ஓட்டிப் பிடிபட்டிருந்தால் தண்டம் யாருக்கு என்பதை அந்த நேரம்தான் தீர்க்கும்.

அட்வான்ஸ் கொடுத்தால், கராஜ் சோதனையில் குறை வந்தாலோ லீசிங் கிடைக்காமல் போனாலோ திருப்பித் தருவேன் என்ற வரியோடு ரசீது கேளுங்கள். அந்த வரியை எழுதத் தயங்குகிறவரிடம் அட்வான்ஸே கொடுக்க வேண்டாம்.

வண்டி கைமாறி 14 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், பிந்தினால் தண்டப்பணம். உங்கள் மாவட்ட அலுவலகத்தில் அந்த வேலை நடக்குமா, நாரஹேன்பிட்ட போக வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பழைய உரிமையாளரின் காப்புறுதியை நம்பி ஓட்டாதீர்கள். அன்றே உங்கள் பெயரில் காப்புறுதி போடுங்கள், மலை ரோட்டுக்கு மூன்றாம் தரப்போடு நிற்காமல் முழுக் காப்புறுதியாக.

காலத்தைப் பொறுத்தவரை, தேடத் தொடங்குவதிலிருந்து பெயர் மாறும் வரை ஒன்றரை, இரண்டு மாதம் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள்தான் விலையைக் கூட்டிக் கொடுப்பது. மழைக்காலத்தில் பாருங்கள், ஒழுகல் தெரியும், ஈர ரோட்டில் பிரேக்கும் தெரியும், வாங்க வருகிறவர்களும் குறைவு.

9. என்னைக் கேட்டால்

தோட்டத்து ரோடு இருக்கிறவருக்கும், பின்னால் சின்னப் பிள்ளைகள் உட்காரும் வீட்டுக்கும் 2018க்குப் பிந்திய ஹைபிரிட் வெசல், 16 அங்குல ரிம்மோடு. மேட்டில் எப்படி நிறுத்துவது என்று வீட்டில் ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தால் கிளச் தாங்கும். தினம் கண்டி டவுன் நெரிசலில் ஏறி இறங்குகிற, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டுக்கு சி.எச்.ஆர். நல்லது. நான் வெசல் எடுத்தேன். கண்டியில் இருக்கும் என் மச்சான் சி.எச்.ஆர். ஹைபிரிட் எடுத்தார், எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் கோயில் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருவார்.

எதை எடுத்தாலும் முதல் வாரத்திலேயே எஞ்சின் எண்ணெய், கியர்பெட்டி எண்ணெய், பிரேக் எண்ணெய் மூன்றையும் மாற்றிவிடுங்கள். முன்னவர் எப்போது மாற்றினார் என்று சொன்னாலும் சரி. ஹைபிரிட் என்றால் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தைத் துப்புரவு செய்யச் சொல்லுங்கள். பின் இருக்கைப் பக்கம் இருக்கும், அதன்மேல் பையோ துவாயோ போட்டு அடைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.